கொப்பியில் உள்ள கணக்கும் குசினியில் உள்ள காஸும்



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறாளாம். உயிரியல் பாடத்தைத் தண்ணீர் பட்ட பாடாக ஒப்புவிக்கும் பிள்ளை, இரசாயனவியலில் வாயுக் கணக்கு என்று வந்துவிட்டால் கொப்பியை மூடி வைத்து விடுகிறாளாம். பக்கத்திலிருந்து பார்த்துக் கொண்டிருக்கும் உம்மும்மாவோ, “எப்படியும் நாளைக்கு அடுப்படிக்குத் தானே போகப் போகிறாள், இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?” என்று கேட்கிறாராம். “நீங்களாவது இரண்டு வார்த்தை எழுதுங்கள்” என்பது அந்தத் தாயின் வேண்டுகோள்.

உம்மும்மாவுடன் வாதாட நான் வரவில்லை. ஆனால் அவருடைய கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. இரசாயனவியல் பாடத்தில் அடுப்படிக்கு மிகவும் கிட்டிய பகுதி எது என்று கேட்டால், நான் இந்த வாயுக் கணக்கைத் தான் சொல்வேன். அடுப்படிக்குப் போகிறவள் என்பதற்காகவே அவள் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் கணக்கு என்னவென்று பார்ப்போம். பிள்ளைகள் இதனை “பீ வீ சமன் என் ஆர் ரீ” என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். வாயுவின் அமுக்கத்தை அதன் கனவளவால் பெருக்கினால் வரும் தொகையும், வாயுவின் மூல் எண்ணிக்கையை வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் பெருக்கினால் வரும் தொகையும் சமம். அவ்வளவு தான். இதற்கு இலட்சிய வாயுச் சமன்பாடு என்று பெயர். அமுக்கத்துக்கும் கனவளவுக்கும் உள்ள தொடர்பை 1662 இல் வெளியிட்டவர் றொபட் பொயில். வெப்பநிலையின் பங்கைச் சாள்ஸும் கேலுசாக்கும் கண்டார்கள். 1811 இல் அவகாதரோ மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பற்றிய கருத்தைச் சொன்னார். இவற்றையெல்லாம் 1834 இல் ஒரே கோவையாக்கியவர் கிளப்பிரோன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். இப்பெயர்களை நாம் மனனம் செய்ய வேண்டியதில்லை.

“மூல்” என்ற சொல் தான் தாய்மாரைப் பயமுறுத்துவது. முட்டையை டசின் என்று எண்ணுகிறோமே, அதைப் போல மூலக்கூறுகளை எண்ணுவதற்கு வைத்துக் கொண்ட ஒரு பெரிய டசின் தான் மூல். ஒவ்வொரு பொருளிலும் ஒரு மூலுக்கு ஒரு நிறை உண்டு. சமையல் எரிவாயுவில் இருக்கும் புறொப்பேனுக்கு 44 கிராம், பியூட்டேனுக்கு 58 கிராம், நாம் சுவாசிக்கும் வளிக்குச் சராசரி 29 கிராம்.

பிள்ளைகள் பிழைவிடும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று வெப்பநிலை. நமது ஊரின் 30 பாகையை அப்படியே சமன்பாட்டில் போடக் கூடாது. 273 ஐக் கூட்டி 303 கெல்வின் என்று போட வேண்டும். இதை மறந்தால் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறிய வாயு இரு மடங்காகி விட்டது என்று விடை வரும். உண்மையில் 303 என்பது 333 ஆகியிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு தான் கூடியிருக்கிறது. மற்றது அலகு. 8.314 என்ற மாறிலியைப் பாவித்தால், அமுக்கம் பஸ்காலில் என்றால் கனவளவு கன மீற்றரில் இருக்க வேண்டும். கிலோ பஸ்காலில் என்றால் லீற்றரில் இருக்க வேண்டும். ஒன்றை மாற்றி ஒன்றை மாற்றாமல் விட்டால் விடை ஆயிரம் மடங்கு பிசகும். கல்குலேட்டர் இதைச் சொல்லித் தராது. “ஒரு முட்டை அளவு சாமானிலிருந்து இவ்வளவு வாயு வருமா?” என்று மனதுக்குள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கும் பழக்கம் தான் கை கொடுக்கும். சமைக்கிற கைக்கு இந்த மட்டுத்திட்டம் இயல்பாகவே உண்டு என்பது என் எண்ணம்.

இனி, நமது ஊரின் சூட்டில், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில், ஒரு மூல் வாயு எவ்வளவு இடம் பிடிக்கும்? 8.314 ஐ 303 ஆல் பெருக்கி 101.3 ஆல் வகுத்துப் பாருங்கள். 24.9 லீற்றர் வரும். 25 என்றே வைத்துக் கொள்வோம். எந்த வாயுவானாலும் இதே 25 லீற்றர் தான். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக் கொண்டால் குசினி முழுவதையும் அளந்து விடலாம்.

சின்ன உதாரணத்தில் தொடங்குவோமே. கேக்குக்குப் போடும் அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம். அதன் மூலுக்கு 84 கிராம். ஆகவே நம் கரண்டியில் இருப்பது 0.06 மூல். புளித்த தயிரோ தேசிக்காய்ப் புளியோ போதிய அளவு சேர்ந்தால் அவ்வளவும் காபனீரொட்சைட்டாக வெளிவரும். 0.06 ஐ 25 ஆல் பெருக்கினால் ஒன்றரை லீற்றர்! ஒரு தேக்கரண்டித் தூளுக்குள் ஒரு பெரிய சோடாப் போத்தல் நிறைய வாயு. அடுப்புக்குள் கேக்கின் உட்பகுதி 100 பாகையை நெருங்கும்போது அதே வாயு 1.8 லீற்றருக்கு மேல் விரியும். புளிப்பு ஒன்றும் சேராமல் சூட்டினால் மட்டும் சோடா பிரிந்தால் பாதியளவு வாயு தான் வரும். மீதி சவர்க்காரச் சுவையாகக் கேக்கிலே தங்கி விடும். கேக் சரியாக எழும்பவில்லை என்று சோடாவை அள்ளிப் போடுகிற சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, கேக் எழும்பாவிட்டால் ஒரு நாள் கவலை. காஸ் விடயம் அப்படியல்ல.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாட்டின் பல பாகங்களிலும் காஸ் அடுப்புகள் வெடித்தன, குசினிகள் தீப்பற்றின என்று நாளாந்தம் செய்தி வந்தது. உயிர்களும் போயின. அடுப்பைப் பற்ற வைக்கவே பெண்கள் பயந்தார்கள். சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு விறகடுப்புக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். எரிவாயுக் கலவையில் புறொப்பேனின் பங்கு கூட்டப்பட்டதாக அப்போது பெரும் சர்ச்சை எழுந்தது. ஜனாதிபதி ஒரு நிபுணர் குழுவை நியமித்தார். அடுத்த ஆண்டு தட்டுப்பாடு வந்து, வரிசையில் நின்ற துன்பத்தில் அந்தப் பேச்சு அமுங்கிப் போயிற்று. ஆனால் அதிலிருந்த இரசாயனவியலை யாரும் நமக்கு விளக்கிச் சொல்லவில்லை என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு.

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் வாயுவல்ல, திரவம். ஆட்டிப் பார்த்தால் தளம்புவது அது தான். அந்தத் திரவத்துக்கு மேலே கொஞ்ச இடத்தில் அதன் ஆவி நிற்கிறது. அந்த ஆவியின் அமுக்கத்தை நமது சமன்பாட்டைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு திரவம் இருந்தாலும், ஒரு கோப்பை மட்டும் மிஞ்சியிருந்தாலும், அமுக்கம் ஏறக்குறைய ஒன்று தான். ஏனெனில் ஆவி வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. அதனால் தான் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று அமுக்க மானியைப் பார்த்துச் சொல்ல முடியாமல் இருக்கிறது. தராசில் வைத்து நிறுப்பது தான் வழி. வெறும் சிலிண்டரின் நிறை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும், கழித்துப் பாருங்கள்.

அந்த ஆவியமுக்கம் எதைப் பொறுத்தது? வெப்பநிலையையும் கலவையையும் பொறுத்தது. 30 பாகையில் தனிப் புறொப்பேன் என்றால் வளிமண்டல அமுக்கத்தைப் போல 10 மடங்குக்குச் சற்று மேல். தனிப் பியூட்டேன் என்றால் 3 மடங்குக்கும் குறைவு. மூல் கணக்கில் 80 பங்கு பியூட்டேனும் 20 பங்கு புறொப்பேனும் கலந்திருந்தால், உயர்தரத்திலேயே படிக்கும் இரவோல்ற்றின் விதிப்படி சுமார் நாலரை மடங்கு வரும். சரிபாதி என்றால் சுமார் 7 மடங்கு. பெயர் அதே காஸ், நிறை அதே பன்னிரண்டரைக் கிலோ. உள்ளே தள்ளும் பலம் மட்டும் ஒன்றரை மடங்கு. நல்ல ரெகுலேட்டரும் வால்வும் இதைத் தாங்கும். பழுதான வால்வும் தளர்ந்த இணைப்பும் முன்னர் மெல்லக் கசிந்த இடத்தில் இப்போது வேகமாகக் கசியும். கலவையை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அன்று கேட்டவர்களின் கேள்வி எவ்வளவு நியாயமானது என்று இதிலிருந்து விளங்கும்.

வெப்பநிலையின் கதை இன்னும் கடுமையானது. வெறும் வாயு என்றால் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குப் போகும்போது அமுக்கம் பத்தில் ஒரு பங்கு கூடும் என்று மேலே கண்டோம். ஆனால் திரவம் உள்ள புறொப்பேன் சிலிண்டரில் அதே சூடு அமுக்கத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கி விடும். சிலிண்டரை அடுப்புக்கு ஒட்டி வைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்பது இதனால் தான். காஸ் குறைந்து விட்டது என்று சிலிண்டரைச் சுடுநீரில் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவு செய்து அதை விட்டு விடுங்கள்.

இப்போது வாயு சிலிண்டரை விட்டு வெளியே வருகிறது. இங்கிருந்து இலட்சிய வாயுச் சமன்பாடு தாராளமாகச் செல்லுபடியாகும். கணக்கு இலேசாக இருக்கட்டும் என்று கலவையின் மூலுக்கு 50 கிராம் என்று எடுப்போம். ஒரு கிலோ காஸ் என்றால் 20 மூல்; 25 ஆல் பெருக்கினால் 500 லீற்றர். சிலிண்டருக்குள் இரண்டு லீற்றருக்கும் குறைவான இடத்தில் அடங்கிக் கிடந்த திரவம், வெளியே வந்ததும் 500 லீற்றர்! முழுச் சிலிண்டரும் 6,000 லீற்றருக்கு மேல். சிலிண்டரைச் சரித்தோ படுக்க வைத்தோ பாவிக்கக் கூடாது என்பதற்கும் இது தான் காரணம். நிமிர்த்தி வைத்தால் ஆவி மட்டும் வெளியே வரும். படுக்க வைத்தால் திரவமே வால்வுக்கு வந்து விடும்.

ஒரு சாதாரணக் குசினியை எடுங்கள். எட்டடி அகலம், பத்தடி நீளம், ஒன்பதடி உயரம். 720 கன அடி. லீற்றரில் ஏறக்குறைய 20,000. வளியில் காஸ் நூற்றுக்கு 2 பங்கு அளவில் கலந்து விட்டாலே அது தீப்பற்றக் கூடிய கலவை. நூற்றுக்கு 2 என்றால் 400 லீற்றர். அதாவது 16 மூல். அதாவது 800 கிராம். “ஆ, முக்கால் கிலோவுக்கு மேல் கசிய வேண்டுமா, அதற்குள் மணந்து விடுமே” என்று ஆறுதல் கொள்ளத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். அது குசினி முழுவதும் சீராகக் கலந்தால் வரும் கணக்கு. ஒரு மூல் காஸ் 50 கிராம், ஒரு மூல் வளி 29 கிராம் என்றோம். இரண்டும் பிடிப்பது அதே 25 லீற்றர் இடம். எனவே காஸ் ஒரு லீற்றர் 2 கிராம், வளி 1.2 கிராமுக்கும் சற்றுக் குறைவு. கனமான காஸ் தண்ணீரைப் போலத் தரையில் படர்ந்து நிற்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மட்டும் தேங்கினால், ஒன்பதில் ஒரு பங்கு போதும். சுமார் 90 கிராம்! ஒரு தேநீர்க் கோப்பை அரிசியை விடக் குறைந்த நிறை.

அந்த 90 கிராம் எவ்வளவு நேரத்தில் வரும்? நடுத்தரப் பர்னர் ஒன்று முழுத் தீயில் ஒரு மணித்தியாலத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை எரிக்கும். பால் பொங்கித் தீ அணைந்து விட்டது, குமிழ் திறந்தபடி இருக்கிறது, நாம் முன் அறையில் பேசிக் கொண்டிருக்கிறோம் என்று வையுங்கள். அரை மணித்தியாலம் போதும். பர்னரின் அருகிலும் சிலிண்டரின் காலடியிலும் அதற்கு முன்பே அபாயம் சேர்ந்து விடும்.

காஸுக்கு இயற்கையில் மணம் கிடையாது. நாம் முகரும் அந்தக் கெட்ட நாற்றம் எதைல் மேர்காப்டன் என்ற பொருளைச் சேர்ப்பதால் வருவது. எரியக் கூடிய அளவின் ஐந்தில் ஒரு பங்கை அடையும் போதே மணம் தெரிய வேண்டும் என்பது பல நாடுகளிலும் உள்ள விதி. 2021 டிசம்பரில் இந்த மணப்பொருள் போதாது என்று கப்பலில் வந்த எரிவாயுவை இறக்க அனுமதி மறுக்கப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஏதோ சின்னக் குறை என்று அப்போது சிலர் நினைத்தார்கள். அது சின்னக் குறையல்ல. ஆனாலும் நமது மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, காஸ் கணுக்காலில் நிற்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகக் கூடுதலாகப் பயப்பட வேண்டிய நேரம் எது என்று கேட்டால், நோன்பு காலத்து ஸஹர் நேரம் என்பேன். இரவு பத்து மணிக்குப் பூட்டிய குசினி. யன்னல்கள் சாத்தியபடி. நாலு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு எழும்புகிறோம், கை நேராகச் சுவிட்சுக்குப் போகிறது. சுவிட்ச் போடும்போதும் சரி, நிறுத்தும்போதும் சரி, உள்ளே ஒரு சிறு பொறி எழும். கீழே தேங்கிய கலவைக்கு அது போதும். பிரிஜ் தானாக இயங்கத் தொடங்கும்போதும் அதே பொறி தான்.

ஆகவே இரவில் சிலிண்டரின் ரெகுலேட்டரையே மூடி விட்டுப் படுங்கள். அடுப்பின் குமிழை மட்டும் நம்பாதீர்கள். காலையில் குசினிக் கதவைத் திறந்ததும் வாசலில் நின்று, குனிந்து ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். மணந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், போட்டிருப்பதை நிறுத்தவும் செய்யாமல், பின் கதவைத் திறந்து விடுங்கள். யன்னல் மட்டும் போதாது. கனமான வாயு யன்னலுக்கு ஏறி வராது, வாசற்படியால் தான் வழிந்து வெளியே போகும். ரெகுலேட்டரைக் கையால் மூட முடிந்தால் மூடுங்கள். பிள்ளைகளை வெளியே கொண்டு போங்கள். போனில் யாரையாவது கூப்பிடுவதானாலும் முற்றத்துக்குப் போய்க் கூப்பிடுங்கள். குசினியில் மேலே காற்றோட்டக் கல் வைத்திருப்பவர்கள், தரையோடு ஒட்டியும் ஒரு துவாரம் விடச் சொல்லி மேசனிடம் கேளுங்கள். பெரிய செலவில்லை. ஆனால் நமது ஊர் வீடுகளில் இதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஹோஸில் கசிவு உண்டா என்று பார்க்கச் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கிற “அனுபவசாலிகளை” குசினிக்குள் விடாதீர்கள்.

“காஸ் முடிந்து விட்டது, சிலிண்டர் வெறுமை” என்கிறோமே, அதையும் கணக்குப் பார்ப்போம். பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டரின் உட்கனவளவை 26 லீற்றர் என்று வைத்தால், தீ அணைந்த பின்னும் அதற்குள் வெளி வளியின் அமுக்கத்துக்குச் சமமாக 26 லீற்றர் காஸ் நிற்கும். ஒரு மூலுக்குச் சற்று மேல், 50 கிராமுக்குச் சற்று மேல். மேலே கண்ட 90 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெறுஞ் சிலிண்டரின் மூடியையும் இறுக்கி மூடி, வெளியே நிழலில் வைக்க வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு யோசனை. மகளிடம் அளவு நாடாவைக் கொடுத்து உங்கள் சொந்தக் குசினியை அளக்கச் சொல்லுங்கள். நான் எடுத்த எட்டுக்குப் பத்து உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. முழுக் குசினிக்கு எத்தனை கிராம், ஓரடி உயரத்துக்கு எத்தனை கிராம், உங்கள் பர்னர் அதை எத்தனை நிமிடத்தில் வெளிவிடும் என்று அவளே கணக்கிடட்டும். 303 ஐப் போடாமல் 30 ஐப் போட்டால் என்ன விடை வருகிறது என்றும் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். அப்படிச் செய்தால் 800 கிராம் வரவேண்டிய இடத்தில் 8 கிலோ என்று வரும். அந்தப் பிழையை நம்பி ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்கி விடக் கூடும் என்று அவளுக்கே விளங்கும். கணக்கு முடிந்ததும் விடைத் தாளை உம்மும்மாவிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை யார் இரவில் மூடுவது என்பதை அவரே தீர்மானித்து விடுவார்.